ஒரு புள்ளி விட்டுப்போச்சுன்னா யார் போய் கதவைத் தட்டுறது? உடம்புக் கணக்கைக் கோலமா போட முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூர்ல எங்க பிளாக்குக்குக் கீழ காலைல ஆறரைக்கு நடக்கப் போற கூட்டம் ஒண்ணு இருக்கு, ஒன்பது பேர், பாதிக்கு மேல பிரஷரோ சுகரோ ரெண்டுமோ இருக்கிறவங்க. நான் ஆபீஸ்ல நாள் பூரா எக்செல் பாக்குற ஆளு, கை சும்மா இருக்குமா, கூகுள் ஷீட்ஸ்ல ஒரு டேஷ்போர்டு பண்ணேன். ஒன்பது பேர், ஒன்பது கலர் கோடு, ஞாயித்துக்கிழமை ராத்திரி வாட்ஸ்அப் குரூப்ல படமா போட்டுடுவேன். முதல் வாரம் எல்லாரும் தம்ஸ் அப். மூணாவது வாரத்துல பாத்தா ஒரு அக்காவோட பிரஷர் பதினாலு நாளா தொடர்ந்து 120/80, ஒரு புள்ளி கூட அசையல. "என்னக்கா இது, மெஷின் கெட்டுப்போச்சா"ன்னு கேட்டேன். "மெஷின் நல்லாத்தான் இருக்கு தம்பி, என் கோடு மேல போனா எட்டு பேர் பாக்குறாங்கல்ல"ன்னாங்க. அதுக்கு அடுத்த வாரம் இன்னொருத்தர் குரூப்பை விட்டே போயிட்டாரு.

தப்பு என்னோடதுதான். சார்ட் அழகா இருந்துச்சு, ஆனா பாத்தவங்க என்ன பண்ணணும்னு அதுல ஒண்ணுமே இல்ல, அந்த அக்காவை வேடிக்கை பாக்கிறதைத் தவிர.

அப்புறம் யோசிச்சப்ப எங்க அப்பாயி வீடு ஞாபகம் வந்துச்சு. ஊர்ல ஒரு வீட்டுல அம்மை போட்டிருந்தா வாசல்ல வேப்பிலைக் கொத்து தொங்கும். அதைப் பாத்தா தெருவுக்கே புரியும், உள்ள போகக் கூடாது, தாளிக்கிற வாசம் ஆகாது, இளநி வாங்கிக் குடுக்கணும், தலைக்குத் தண்ணி ஊத்தி முடியிற வரைக்கும் அந்த வீட்டுக்காரங்களை வேலைக்குக் கூப்பிடக் கூடாது. காய்ச்சல் எத்தனை டிகிரின்னு எந்த இலையும் சொல்லல, ஆனா யார் யார் என்ன செய்யணும்னு சொல்லிடுச்சு. கோலமும் அப்படித்தான், தினம் கோலம் இருக்கிற வாசல்ல ஒரு நாள் இல்லைன்னா பக்கத்து வீட்டம்மா "என்னாச்சு"ன்னு எட்டிப் பாப்பாங்க. சிங்கப்பூர்ல இதுக்கு வாரிசு கூட இருக்கு, டெங்கி பேனர் பாத்திருப்பீங்க, ஒரு ஏரியால 10 கேஸும் அதுக்கு மேலயும்னா சிவப்பு, 10க்குக் கீழன்னா மஞ்சள். யாருக்கு டெங்கின்னு பேர் போட மாட்டாங்க, ஆனா சிவப்பைப் பாத்ததும் நம்ம போய் பூந்தொட்டித் தட்டுல நிக்கிற தண்ணியைக் கொட்டுறோம்ல, அதுதான் வேணும்.

நான் இப்ப எதைச் செஞ்சாலும் வச்சு அளக்கிறது குறள் 950. மருந்துன்னா நாலு பகுதின்னு வள்ளுவர் கணக்கு போடுறாரு: நோயாளி, வைத்தியர், மருந்து, அப்புறம் பக்கத்துல இருந்து பாத்துக்கிறவர், அவருக்குப் பேரு உழைச்செல்வான். நம்ம போன்ல இருக்கிற ஆப் எல்லாம் முதல் மூணு பேருக்குத்தான் படம் வரையுது. நாலாவது ஆளுக்கு யாருமே வரையறதில்ல. (நியூசிலாந்துல மேசன் டியூரிங்கிற மவோரி டாக்டர் 1984ல ஆரோக்கியத்தை நாலு சுவர் உள்ள வீடா சொன்னாரு, உடம்பு, மனசு, குடும்பம், ஆன்மா, ஒரு சுவர் சாஞ்சாலும் வீடு நிக்காது. எங்கயோ இருக்கிறவங்களுக்கும் நாலுதான் தோணுது பாருங்க.)

சரி, செய்முறைக்கு வர்றேன். எங்களுக்கு இது சரியா வர நாலஞ்சு மாசம் ஆச்சு, நீங்க நேரா கடைசிக்கு வந்துடலாம்.

முதல்ல ஆள் சேருங்க, அப்புறம்தான் பேப்பர்

ஒன்பது பேர் நல்ல எண்ணிக்கை. மூணு மூணா பிரிங்க. நாங்க முதல்ல ஜோடி ஜோடியா போட்டோம், அதுல ஒருத்தர் பேத்தி சடங்குக்குத் தஞ்சாவூர் போயிட்டா மத்தவர் தனியா நின்னுடுவாரு. மூணு பேருன்னா ஒருத்தர் ஊருக்குப் போனாலும் ரெண்டு பேர் மிச்சம். புருஷன் பொண்டாட்டியை ஒரே மூணுல போடாதீங்க, அது எப்படியும் வீட்டுச் சண்டையா முடியும். ஒரே லிஃப்ட்ல இறங்குற ஆளுங்களா இருந்தா ரொம்ப வசதி. எங்கள்ல ஒரு மூணுல ஒரு மலாய் மக்சிக்குக்கும் (நம்ம ஆன்ட்டி மாதிரி) இடம் குடுத்தோம், அவங்க கேட்ட உடனே "ஓ, இது கோத்தோங் ரோயோங்தானே"ன்னு சொல்லிட்டாங்க (ஊரே சேர்ந்து கை குடுக்கிறதுக்கு மலாய்ல அப்படிப் பேரு), எனக்கு அரை மணி நேர விளக்கம் மிச்சம்.

சேரும்போதே மூணு விஷயத்தை வாய்விட்டுப் பேசிடணும். எண் யார்கிட்ட இருக்கும், படம் எங்க தொங்கும், எப்ப கிழிச்சுப் போடுவோம். எங்க பதில் இதுதான்: எண் அவங்கவங்க நோட்டுல மட்டும், பிரியப்பட்டா அவங்க மூணு பேருக்குள்ள, சுவத்துல எண்ணும் கிடையாது பேரும் கிடையாது. இதை ஒரு சங்கமோ கோயில் கமிட்டியோ நடத்துதுன்னா 2012ல வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், அதான் பிடிபிஏ, அதுக்குள்ள வந்துடும், அப்ப சம்மதத்தை எழுத்துல வாங்கிக்கங்க.

எண்ணைச் சரியா எடுக்கிறது

இது போர் அடிக்கிற வேலை, ஆனா இது தப்பானா மேல என்ன கோலம் போட்டாலும் வீண். பிரஷர் காலைல எழுந்து பாத்ரூம் போயிட்டு வந்து, மாத்திரைக்கு முன்னாடி, நடக்கிறதுக்கு முன்னாடி, கோப்பிக்கு முன்னாடி. முதுகு சாஞ்சு, கால் ரெண்டும் தரையில, அஞ்சு நிமிஷம் பேசாம உக்காரணும் (டிவில சீரியல் ஓடினா அது பேசாம இருக்கிறது ஆகாது). பட்டையைச் சட்டை மேல கட்டாதீங்க, வெறும் கையில, நெஞ்சு உயரத்துல. ஒரு நிமிஷம் விட்டு ரெண்டு தடவை எடுத்து ரெண்டையும் எழுதுங்க. சாயங்காலமும் இதே மாதிரி. டாக்டர்கிட்ட காட்டுற சராசரிக்கு, போறதுக்கு முந்தின ஏழு நாள் எண் போதும், அதுல முதல் நாளை விட்டுட்டு மிச்சத்தோட சராசரி. வீட்டுல எடுக்கிற சராசரி 135/85 தொட்டுச்சுன்னா அதிகம்னு பொதுவா எடுத்துக்குவாங்க, கிளினிக்ல எடுத்தா 140/90. உங்களுக்கு எது இலக்குன்னு உங்க டாக்டர்தான் சொல்லணும், வயசு, கிட்னி, சுகர் எல்லாத்தையும் பொறுத்து அது மாறும்.

சுகர்ல இந்தியாக்காரங்களுக்கும் நமக்கும் ஒரு பெரிய குழப்பம் இருக்கு, அதை முதல்லயே தீர்த்துடுங்க. இங்க பாலிகிளினிக்ல, அதான் அரசாங்க கிளினிக்ல, மில்லிமோல் கணக்கு, ஊர்ல மில்லிகிராம் கணக்கு. 18ஆல பெருக்கினா இது அதுவாயிடும். வெறும் வயித்துல 7.0ன்னா ஊர்க் கணக்குல 126, டயபடீஸ்னு சொல்ற எல்லையே அதுதான். எங்க கூட்டத்துல ஒரு அண்ணன் மதுரைல வாங்கின மெஷின் வச்சிருந்தாரு, அவரு நோட்டுல 118ன்னு எழுதினதைப் பாத்துட்டு இங்க பொறந்து வளர்ந்த ஒரு தங்கச்சி ஆம்புலன்ஸுக்கே போன் பண்ணப் போயிட்டா. நோட்டோட முதல் பக்கத்துல எந்தக் கணக்குன்னு பெருசா எழுதி வைங்க. வெறும் வயித்துல எடுத்ததா, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு எடுத்ததான்னும் குறிக்கணும், ரெண்டையும் ஒரே கோட்டுல சேர்த்தா அந்தப் படம் பொய் சொல்லும்.

நமக்கு இது எவ்வளவு முக்கியம்னு ஒரே ஒரு எண் சொல்றேன். 2010 தேசிய சுகாதாரக் கணக்கெடுப்புல டயபடீஸ் சீனர்கள்ல 9.7%, மலாய்க்காரங்கள்ல 16.6%, இந்தியர்கள்ல 17.2%. இதுல மூணு மூணு பேரா உக்காந்து பேசுறதுக்கு வெக்கப்பட என்ன இருக்கு சொல்லுங்க.

உங்க சொந்தப் படம் (வெளிய காட்ட வேண்டாம்)

நோட்டுல ஒரு பக்கத்துக்கு ஒரு மாசம். கிராஃப் பேப்பர் பாப்புலர் புத்தகக் கடையில கிடைக்கும், கட்டம் போட்ட கணக்கு நோட்டே போதும். கீழ தேதி, பக்கவாட்டுல எண், பிரஷரோட மேல் எண்ணுக்கு 90ல இருந்து 200, எல்லா மாசத்துக்கும் அதே அளவு. இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா கூகுள் ஷீட்ஸை அது பாட்டுக்கு விட்டா அளவைத் தானா சுருக்கிக்கும், 128க்கும் 134க்கும் நடுவுல இருக்கிற சாதாரண ஏத்த இறக்கம் புக்கித் தீமா மலை மாதிரி தெரியும், பாத்தவுடனே நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், அடுத்த ரீடிங்கும் ஏறும்.

டாக்டர் சொன்ன இலக்குக்குப் பென்சிலால லேசா ஒரு பட்டை தீட்டுங்க. அதுக்கு மேல புள்ளி வைங்க, புள்ளியை எல்லாம் கோட்டால சேர்க்காதீங்க, ஒவ்வொரு நாள் ஏத்தத்துக்கும் ஒரு கதை கிடையாது. வாரக் கடைசில அந்த ஏழு நாள்ல நடு எண் எதுவோ அதுக்கு மட்டும் ஒரு குறுக்குக் கோடு. நாலு வாரம் நாலு கோடு, படி ஏறுதா இறங்குதான்னு தூரத்துல நின்னே தெரியும்.

கீழ தேதிக்கு அடியில ஒரு வரி காலியா விடுங்க, அதுல நம்ம காலண்டரை எழுதுங்க. புரட்டாசி, தீபாவளி, தைப்பூச விரதம், நோன்பு மாசம், ஊர்ல சாவு, பேரன் பரீட்சை. எந்த ஆப்பும் இதைக் கேக்காது, ஆனா படத்துல பாதி விளக்கம் இந்த வரிலதான் இருக்கும். எங்க அம்மா நோட்டுல தீபாவளிக்கு அப்புறம் பத்து நாள் சுகர் ஏறியிருந்துச்சு, அது எதிர்பார்த்ததுதான், ஆனா புரட்டாசிலயும் ஏறியிருந்துச்சு. கறி மீன் இல்லாத மாசத்துல எப்படின்னு பாத்தா மீனுக்குப் பதிலா ரெண்டு கரண்டி சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் உள்ள போயிருக்கு. விரதம்னாலே உடம்புக்கு நல்லதுன்னு நான் அதுவரைக்கும் நினைச்சிட்டிருந்தேன். நோன்பு பிடிக்கிறவங்க, தீமிதிக்கு விரதம் இருக்கிறவங்க, மாத்திரை நேரத்தை எப்படி மாத்துறதுன்னு முன்கூட்டியே டாக்டர்கிட்ட கேட்டே ஆகணும், அன்னைக்குக் காலைல இல்ல.

இப்ப கோலம்

மாஜோங் பேப்பர் (பெரிய வெள்ளைத் தாள்) ஒண்ணு, தடிச்ச நீல மார்க்கர். தாள்ல ஏழு சின்னக் கோலத்துக்கு இடம், மேல நாலு கீழ மூணு, ஒரு நாளைக்கு ஒண்ணு. ஒவ்வொண்ணும் மூணுக்கு மூணு நேர்ப்புள்ளி, ஒன்பது புள்ளி, ஒன்பது பேர். ஒரு வரிசை ஒரு மூணு பேர். எந்தப் புள்ளி யாருதுங்கிறதை வாரா வாரம் சீட்டுக் குலுக்கி மாத்துறோம், அது அந்த வரிசைக்காரங்களுக்குத் தெரிஞ்சா போதும்.

அன்னைக்கு ரெண்டு காரியம் முடிச்சவங்க தன் புள்ளியைச் சுத்தி ஒரு வளைவு போடுவாங்க. ஒண்ணு, அளந்து மாத்திரை போட்டாச்சு. ரெண்டு, வீட்டுக்கு வெளிய ஒரு ஆள்கிட்டயாவது பேசியாச்சு. ரெண்டாவதை யாரோ விளையாட்டாத்தான் சொன்னாங்க, இப்ப அதுதான் சில பேருக்குக் கஷ்டமா இருக்கு, குறிப்பா தனியா இருக்கிற ஆம்பளைங்களுக்கு. எண் 190 வந்தாலும் வளைவு உண்டு, 118 வந்தாலும் அதே வளைவுதான். பக்கத்துப் புள்ளி ஏற்கனவே சுத்தியிருந்தா ரெண்டு வளைவையும் பின்னி விடணும், சிக்குக் கோலத்துல கம்பி போற மாதிரி. ஒன்பதும் முடிஞ்சா கோலம் மூடிக்கும். ஒண்ணு விட்டுப்போச்சுன்னா அந்த இடத்துல கம்பி வாயைப் பிளந்துக்கிட்டு நிக்கும், கோலம் போட்டு வளர்ந்த எந்தப் பொம்பளையாலயும் அதைப் பாத்துட்டுச் சும்மா இருக்க முடியாது, கை பரபரங்கும். அந்தப் பரபரப்புதான் நமக்கு வேணும். முந்தி என் டேஷ்போர்டுல கோடு ஏறினா அது அந்த அக்காவோட தப்பு, இங்க ஓட்டை விழுந்தா அது ஒன்பது பேர் கோலத்துல விழுந்த ஓட்டை.

கலரை வச்சு அர்த்தம் சொல்லாதீங்க. சிவப்பு பச்சை பிரிச்சுத் தெரியாத ஆம்பளைங்க உண்டு, தவிர சிவப்புன்னா பரீட்சையில ஃபெயிலான ஞாபகம் வரும். காவி நிறத்துல ஓரத்துக்கு ஒரு பார்டர் போட்டுக்கங்க, அது அழகுக்குத்தான்.

ஒரு குறி மட்டும் தனி. வேப்பிலை. பச்சை ஸ்டிக்கர் பேப்பர்ல இலை மாதிரி வெட்டி ஒரு டப்பாவுல வச்சிருக்கோம். "எனக்கு இந்த வாரம் முடியல, ஒரு வேளை சாப்பாடு வந்தா நல்லா இருக்கும்"னு அர்த்தம். அதை அவங்களே ஒட்டணும், இல்ல மூணு பேர்ல ஒருத்தரை ஒட்டச் சொல்லணும், அடுத்தவங்க பாத்துப் பரிதாபப்பட்டு ஒட்டக் கூடாது. இலையைப் பாத்தா யாரும் என்ன நோயின்னு கேக்கிறதில்ல. கஞ்சியா ரசம் சாதமான்னு மட்டும் கேப்போம்.

எங்க தொங்கவிடுறதுன்னு நிறைய யோசிச்சோம். வாய்ட் டெக், அதான் பிளாக்குக்குக் கீழ இருக்கிற திறந்த தளம், அங்க நோட்டீஸ் போர்டுன்னா அனுமதி வாங்கணும், போற வர்றவங்க எல்லாம் பாப்பாங்க. கடைசில ரெண்டாவது மாடி அக்கா வீட்டு ஹால்ல மாட்டினோம், நடந்து முடிச்சு எல்லாரும் அங்கதான் கோப்பி-ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத கோப்பி) குடிக்கிறது. வாட்ஸ்அப்ல போட்டோ எடுத்துப் போடலாமேன்னு சில பேர் கேட்டாங்க, வேண்டாம்னுட்டேன். படம் போன்ல வந்துச்சுன்னா யாரும் அக்கா வீட்டுக்கு வர மாட்டாங்க.

புள்ளி விட்டுப்போனா

ஒரு நாள் விட்டா ஒண்ணும் இல்ல, மறதி. ரெண்டாவது நாளும் காலியா இருந்தா அந்த வரிசைல மிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தர் நேரா வீட்டுக்குப் போகணும். போன் இல்ல, மெசேஜ் இல்ல, கால்நடையா. வெறுங்கையோட போகாதீங்க, வாழைப்பழமோ நாலு இட்லியோ கையில இருந்தா அது விசாரணை மாதிரி இருக்காது. உள்ள போனதும் "ஏன் அளக்கல"ன்னு ஆரம்பிக்காதீங்க.

ஆறாவது மாடி அண்ணன் ஒருத்தரு ரெண்டு நாளா புள்ளி காலி. அவரு வரிசைல இருக்கிற அக்கா இட்லி எடுத்துக்கிட்டுப் போனாங்க.

"என்னண்ணே, ஆளையே காணோம்?"

"ஒண்ணுமில்லம்மா. மெஷின்ல பேட்டரி போயிடுச்சு."

"பேட்டரிதானே, கீழ கடையில வாங்கிக்கலாம்ல."

அவரு கொஞ்ச நேரம் இட்லியையே பாத்துட்டு, மாத்திரையும் தீர்ந்து நாலு நாளாச்சுன்னு சொன்னாரு. அப்பாயின்மென்ட் மாத்தின எஸ்எம்எஸ் இங்கிலீஷ்ல வந்திருக்கு, மகனைக் கேக்கலாம்னா அவன் ஷிஃப்ட்டு, தொந்தரவு பண்ண மனசில்ல. அக்கா அங்கயே போனை வாங்கி அப்பாயின்மென்ட் போட்டுட்டுத்தான் கீழ இறங்கினாங்க. என் பழைய சார்ட்ல இது ரெண்டு காலிக் கட்டமா இருந்திருக்கும், நானும் விடுபட்ட டேட்டான்னு நினைச்சு நடுவுல ஒரு கோட்டை இழுத்து நிரப்பியிருப்பேன்.

1854ல லண்டன்ல காலரா வந்தப்ப ஜான் ஸ்னோங்கிற டாக்டர் வரைஞ்ச மேப்பைப் பத்தி டேட்டா படிச்சவங்க எல்லாரும் பேசுவாங்க, தண்ணிலதான் நோய் பரவுதுன்னு பிராட் ஸ்ட்ரீட் தண்ணி பம்போட கைப்பிடியைக் கழட்டினாங்களே, அது. ஆனா அதே தெருவுல ஹென்றி வைட்ஹெட்டுன்னு ஒரு பாதிரியார் வீடு வீடா ஏறி இறங்கி விசாரிச்சதாலதான் முதல் நோயாளி ஒரு கைக்குழந்தைன்னு தெரிய வந்துச்சு. மேப்பைச் சொல்றவங்க அவரைச் சொல்றது குறைவு.

எல்லை எதுன்னு எழுதி வைங்க

இதுல நான் ரொம்பக் கறார். கூட்டமா பாத்துக்கிறோம்னு டாக்டர் வேலையை நம்ம எடுத்துக்கக் கூடாது, நாலு பகுதில ரெண்டாவது ஆள் அவருதான். ஒவ்வொரு நோட்டோட பின் அட்டையிலயும் இது ஒட்டியிருக்கணும்: சுகர் மில்லிமோல் கணக்குல 4.0க்குக் கீழ போய் ஆள் தெளிவா இருந்தா 15 கிராம் சர்க்கரை (மூணு டீஸ்பூன் தண்ணில கலக்கி), 15 நிமிஷம் கழிச்சுத் திரும்ப அளக்கணும், மயக்கமா இருந்தா வாயில எதையும் ஊத்தக் கூடாது, உடனே 995 (ஆம்புலன்ஸ்). பிரஷர் 180/120 தாண்டி நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் கோணல், கை கால் மரத்துப்போறது, எது இருந்தாலும் 995, மூணு பேரைக் கூப்பிட்டு ஆலோசனை எல்லாம் அப்புறம்.

பாகற்காய் ஜூஸ், வெந்தயம், கஷாயம் எதுவா இருந்தாலும் நோட்டுல எழுதுங்க. நாட்டு வைத்தியத்துக்கு நான் எதிரி இல்ல, ஆனா பாகற்காய் தானாவே கொஞ்சம் சுகரை இறக்கலாம், மாத்திரையோட சேர்ந்தா அதிகமா இறக்கிடலாம், எழுதி இருந்தாத்தான் டாக்டருக்குத் தெரியும். 40 வயசு ஆனவங்க ஹெல்தியர் எஸ்ஜிங்கிற அரசாங்கத் திட்டத்துல ஒரே கிளினிக்கோட பதிஞ்சுக்கிட்டா ஒவ்வொரு தடவையும் முதல்ல இருந்து கதை சொல்ல வேண்டியதில்ல. அந்த ஒரு பக்கப் படத்தை எடுத்துட்டுப் போய் மேசை மேல வைங்க, போனைத் திருப்பித் திருப்பிக் காட்டிட்டு இருந்தா உங்க அஞ்சு நிமிஷம் அதுலயே போயிடும்.

இன்னொண்ணு, மாசக் கடைசில யாராவது உற்சாகத்துல "நம்ம குரூப்ல 11% முன்னேற்றம்"னு சொல்ல வருவாங்க. ஒன்பது பேர்ல 11% ஒரே ஒரு ஆளு! அது யாருன்னு எல்லாருக்கும் தெரியும், மிச்ச எட்டு பேருக்கும் கஷ்டமா இருக்கும். எத்தனை கோலம் மூடுச்சுன்னு மட்டும் எண்ணுங்க. எங்களுக்குப் போன மாசம் 28ல 17.

கிழிக்கிறது

கோலத்துல எனக்குப் பிடிச்சதே மறுநாள் காலைல அது இருக்காதுங்கிறதுதான். அதனால ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அந்த வாரத் தாளைக் கழட்டிடுவோம். போட்டோ கிடையாது, சேர்த்து வைக்கிறது கிடையாது. ஆபீஸ் புத்தி எனக்கு விடல, முதல் தடவை ஒரு காப்பி எடுத்து வச்சுக்கலாமான்னு கேட்டேன், அந்த 120/80 அக்கா என்னை ஒரு பார்வை பாத்தாங்க, அதோட சரி. எண்ணெல்லாம் அவங்கவங்க நோட்டுல பத்திரமா இருக்கு, சுவத்துல இருந்தது அந்த வாரத்துக்குத்தான்.

கழட்டினதும் புதுத் தாளை விரிச்சு, அக்காவோட பேத்திதான் புள்ளி வைக்கிறா, ஏழு தடவை ஒன்பது, ஸ்கேல் வச்சுக்க மாட்டேங்கிறா, கொஞ்சம் கோணலாத்தான் வருது. அவ முடிச்சதும் சீட்டுக் குலுக்குவோம். போன வாரம் எனக்கு நடுப் புள்ளி விழுந்துச்சு, எட்டு பக்கமும் ஆளு, ஒரு நாள் கூட தப்பிக்க முடியல.